அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் யார்?



தொலைபேசி எப்படியெல்லாம் மாறியது என்று கேட்டால் பெரும்பாலும் கருவியின் கதையைத்தான் சொல்வோம். கறுப்பாக, கனமாக இருந்தது, சுழற்றும் டயல் போய்ப் பட்டன் வந்தது, கம்பி போனது, சட்டைப்பைக்குள் வந்துவிட்டது என்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு மாற்றம். ஓர் அழைப்பை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு கைமாறிக்கொண்டே வந்த கதை அது. முதலில் அது ஒரு மனிதரிடம் இருந்தது. பிறகு எக்ஸ்சேஞ்சிடம் போனது. இன்று அழைக்கிறவர் தலையிலேயே வந்து விழுந்திருக்கிறது. இதில் நாம் பெற்றது ஏராளம். இழந்ததில் ஒரு பகுதியை மீட்டெடுக்க முடியும், மீட்டெடுக்கவும் வேண்டும் என்பது என் கட்சி.

1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி எக்ஸ்சேஞ்சுகளைத் திறந்தது. சென்னையில் அது ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டித் தெருவில் அமைந்தது. அன்றைய எக்ஸ்சேஞ்சின் உயிர், சுவிட்ச்போர்டு என்னும் பலகை. சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு துளை. அழைப்பு வந்தால் அந்தத் துளைக்கு மேல் ஒரு தகடு விழும். பின்னாளில் வந்த பலகைகளில் சிறு விளக்கு எரியும். ஆபரேட்டர் ஒரு மின்கயிற்றின் முனையை அதில் செருகி, என்ன நம்பர் வேண்டும் என்று கேட்பார். மறுமுனையைக் கேட்ட நம்பரின் துளையில் செருகி மணியடிப்பார். பேச்சு முடிந்ததும் இரண்டையும் உருவுவார். காதில் ஹெட்செட், கண் விளக்குகள் மேல், கை கயிறுகள் மேல், ஒரே சமயத்தில் பல பேச்சுகளின் நிலவரம் மனதுக்குள். நான் இதை ஒரு கலை என்றே சொல்வேன்.

அந்தக் கலை முழுதாக வெளிப்பட்டது டிரங்க் காலில். உங்களில் மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று வகைகள் உண்டு. அவசரம் கூடக் கூடக் கட்டணமும் கூடும். குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டும் பேச வேண்டும் என்றால் பி.பி. கால். ஒவ்வொரு அழைப்புக்கும் ஆபரேட்டர் ஒரு சீட்டு எழுதுவார். எங்கிருந்து, எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நேர் லைன் இல்லாத சிற்றூருக்கு என்றால் நடுவிலுள்ள ஊர்களின் ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு, கண்ணி கண்ணியாக லைனைச் சேர்ப்பார்கள். குரல் மங்கினால் நடுவிலிருப்பவரே இரண்டு பக்கத்துக்கும் எடுத்துச் சொல்வதும் உண்டு. "மூணு நிமிஷம் ஆச்சு சார், எக்ஸ்டென்ட் பண்ணட்டுமா?" என்ற குரல் ஒரு தலைமுறைக்கே பழக்கமான குரல்.

அந்த வேலையில் நான் உயர்வாக வைப்பது அவர்கள் எடுத்த முடிவுகளை. சாவுச் செய்தி சொல்லக் காத்திருப்பவர் யார், சரக்கு விலை கேட்கக் காத்திருப்பவர் யார் என்பது அழைப்பவர் குரலிலேயே அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். சின்ன ஊர் எக்ஸ்சேஞ்சில், டாக்டர் வீட்டு போன் எடுக்கப்படாவிட்டால் கிளினிக் நம்பருக்கு மாற்றிப் பார்க்கும் அளவுக்கு ஊரை அறிந்தவர் உட்கார்ந்திருப்பார். லைன் கிடைக்காவிட்டால் அது தம்முடைய பாடு என்று நினைத்தார்கள்.

ஆனால் அதே அறிவு தவறாகவும் பயன்படும். ஊர்ப் பேச்சு முழுதும் ஒருவர் காதில் விழுகிறது, தெரிந்தவருக்கு முதலில் லைன் போகிறது, தெரியாதவர் காத்துக்கிடக்கிறார். தானியங்கி எக்ஸ்சேஞ்சு பிறந்ததே இப்படியொரு குறையால்தான் என்று சொல்வார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டாராம். ஆபரேட்டரே தேவைப்படாத சுவிட்சுக்கு 1891இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே இண்டியானா மாநிலத்து லா போர்ட்டில் அது வேலைக்கு வந்தது.

அதன் நுட்பம் அழகானது. டயலைச் சுழற்றி விரலை எடுத்தால் அது திரும்பி வரும்போது லைனில் ஓடும் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும். ஐந்துக்கு ஐந்து வெட்டு, பூஜ்யத்துக்குப் பத்து வெட்டு, நொடிக்குப் பத்து என்ற வேகத்தில். அந்த வெட்டுகளை எண்ணிக்கொண்டு எக்ஸ்சேஞ்சில் ஒரு கை மேலே ஏறும், பக்கவாட்டில் திரும்பும், சரியான முனையைத் தொடும். இந்தியாவில் சிம்லாவுக்கு 1913-14 வாக்கிலேயே தானியங்கி எக்ஸ்சேஞ்சு வந்துவிட்டது. ஆனால் ஊருக்கு ஊர் நாமே டயல் செய்து பேசும் எஸ்.டி.டி. வசதி முதன்முதலில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே கிடைத்தது 1960இல்தான்.

அதற்குப் பிறகும் போன் என்பது எட்டாத பொருளாகவே இருந்தது. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வீடுகள் எத்தனையோ. விசிட்டிங் கார்டில் பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டு அடைப்புக்குறிக்குள் 'பி.பி.' என்று அச்சடித்துக்கொண்டோம். ஒரு போனை ஒரு தெருவே பயன்படுத்தியது. இந்தப் பழக்கம் எக்ஸ்சேஞ்சையே திணறடித்தது. ஐரோப்பாவிலிருந்து பெற்ற கிராஸ்பார் வகை எக்ஸ்சேஞ்சு, ஒரு லைனில் இவ்வளவு பேச்சு ஓடும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டதல்ல.

அதனால்தான் 1984இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனத்தின் வேலையை நான் மிக உயர்ந்த இடத்தில் வைக்கிறேன். அதை வழிநடத்திய சாம் பிட்ரோடாவோடு சேர்ந்து உழைத்த இளம் பொறியாளர்கள் கிராமங்களுக்கென்று 128 லைன் கொண்ட சிறு மின்னணு எக்ஸ்சேஞ்சை உருவாக்கினார்கள். நம் வெயிலையும் தூசியையும் தாங்கும், ஏர்கண்டிஷன் வேண்டாம். 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலாவதாக அதை நிறுவினார்கள். அதன் கூடவே மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பேசி முடித்ததும் 'கர்' என்று வரும் ரசீது. இரவு ஏற ஏறக் கட்டணம் பாதியாகும், கால்வாசியாகும். அப்போது வெளியே வரிசை நிற்கும். மாற்றுத்திறனாளிகள் பலருக்கு அந்த பூத்து சொந்தக் காலில் நிற்க வழிசெய்தது. சொந்தமாக போன் வாங்க முடியாதவரும் ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் பேச முடிந்தது. 1995 ஜூலையில் அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு நாட்டின் முதல் செல்போன் அழைப்பைப் பேசினார். அதைக் கொண்டாடுகிறோம், சரிதான். சாதாரண மக்களின் கைக்குத் தொலைபேசியை முதலில் கொண்டுவந்தது மஞ்சள் பலகை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டாம் கட்டத்தில் பொறுப்பு எக்ஸ்சேஞ்சிடம் இருந்தது என்றேன். அதற்கு நல்ல சாட்சி மின்சாரம். செம்புக் கம்பியில் வந்த வீட்டு போனுக்கு நாம் கரண்ட் பிளக் செருகியதில்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கியிருந்த பாட்டரிகளிலிருந்து 48 வோல்ட் அதே கம்பியில் வந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். பழுது என்றால் அன்று 198ஐ அழைப்போம். மறுநாளோ அதற்கு மறுநாளோ லைன்மேன் வந்து நிற்பார்.

இப்போது வருவோம். செம்புக்குப் பதில் கண்ணாடி இழை வீட்டுக்குள் வந்திருக்கிறது. குரல் தெளிவு, இணையம், வேகம் எல்லாம் பல மடங்கு மேல். ஆனால் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டில் கரண்ட் போனால் மோடம் அணையும், கூடவே போனும் அணையும். செல்போனும் இப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் இல்லாமல் கோபுரங்கள் அடங்கிப்போனதும், சார்ஜ் தீர்ந்த போனோடு மக்கள் தவித்ததும் மறக்கக்கூடியவை அல்ல. லைனை உயிரோடு வைத்திருக்கும் வேலை இன்று நம்முடையது.

அலுவலகத்திலும் இதே கதைதான். முன்பு கம்பெனி வாசலில் பி.பி.எக்ஸ். என்னும் கம்பெனிக்குரிய சுவிட்ச்போர்டுப் பலகையும் அதன்முன் ஓர் ஆபரேட்டரும் இருப்பார்கள். எந்தப் பிரிவில் யார், யார் லீவில் இருக்கிறார், யார் சாப்பிடப் போயிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. வாடிக்கையாளருக்குக் கம்பெனியே அந்தக் குரல்தான். பின்னர் மின்னணுப் பலகை வந்து அவர் கைவேலையைக் குறைத்தது. அது நல்ல மாற்றம். இன்று பதிவு செய்த குரல் பேசுகிறது. தமிழுக்கு ஒன்றை அழுத்து, புகாருக்கு மூன்றை அழுத்து, கணக்கு எண்ணைச் சொல், காத்திரு. எந்தப் பிரிவு என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை அழைப்பவரே செய்ய வேண்டியிருக்கிறது. பாக்கித் தொகை கேட்பவருக்கு இது போதும், நேரமும் மிச்சம். நெஞ்சுவலி வந்த கணவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யும் பெண்ணுக்கு இது கொடுமை. கண் மங்கிய முதியவர் பட்டனைத் தேடுவதற்குள் அந்தக் குரல் முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது.

இயந்திரம் இணைக்கட்டும். ஒருவரின் பதற்றத்தைக் கேட்டு முடிவெடுக்கும் வேலை பயிற்சி பெற்ற மனிதருக்கு உரியது. அதற்குச் சம்பளம் கொடுப்பது வீண்செலவு அல்ல.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வீட்டில் இழை இணைப்பு வைத்திருப்பவர்கள் மோடத்துக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கி மாட்டுங்கள், குறிப்பாக வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில். ஆஸ்பத்திரியோ வங்கியோ கடையோ நடத்துகிறவர்கள், உங்கள் நிறுவனத்தின் நம்பரை ஒருமுறை வெளியிலிருந்து நீங்களே அழைத்துப் பாருங்கள். ஒரு மனிதக் குரல் கேட்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். நேரம் அதிகமாக இருந்தால், நாளைக்கே அந்த நம்பருக்குப் பதில் சொல்ல ஒருவரை உட்கார வையுங்கள்.