நாம் குருக்களா?



விசுவாசிகள் யாவரும் அரச குருகுலம் என்கிறார் புனித இராயப்பர் (1 இராய. 2:9). எபிரேயர் நிருபமோ, இறைவன் அழைத்தாலன்றி எவரும் அம்மேன்மையைத் தாமே எடுத்துக்கொள்ளலாகாது என்கிறது (5:4). அப்படியானால் நாம் குருக்களா, இல்லையா? இந்தக் கெலமங்கலத்தில் தமிழில் கேட்டாலும், தெலுங்கில் கேட்டாலும், கன்னடத்தில் கேட்டாலும் கேள்வி இதுதான்.

இரண்டும் கிறிஸ்துவின் ஒரே குருத்துவத்தில் பங்கு, ஆயினும் தன்மையிலேயே வேறானவை என்றது 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம். ஒன்று திருப்பட்டத்தால் வருவது. மற்றது ஞானஸ்நானத்தால் வருவது.

தேவசகாயம் பிள்ளை மனைவியுள்ள இல்லறத்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், குருப்பட்டம் பெற்றதில்லை. பீடத்தில் பலி நிறைவேற்றாத அவர், 1752-இல் காற்றாடி மலையில் தம் உயிரையே ஒப்புக்கொடுத்தார். 2022-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது.

சாமியார் வெளியூர் சென்றிருக்கையில், நோயாளி வீட்டில் ஜெபம் சொல்ல, நமக்குப் பட்டமில்லையே என்று தயங்குகிறோம். அதற்கு எபிரேயர் நிருபத்தைத் துணைக்கு அழைக்க முடியாது.