குளிர்கடல் பவளமும் அதில் குடியிருக்கும் சிப்பிகளும்

பவளத்திட்டு என்றவுடன் மன்னார் வளைகுடாவும் இலட்சத்தீவுகளும் நினைவுக்கு வருவது இயல்பே. கதிரவன் ஒளி ஊடுருவும் வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த நீரில்தான் பவளம் வளரும் என்பது நெடுங்காலமாகப் பள்ளிகளில் சொல்லித் தரப்பட்ட பாடம். அது முழு உண்மையன்று. ஒளி எட்டாத ஆழத்தில், 4 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை மட்டுமே வெப்பமுள்ள நீரிலும் பவளத்திட்டுகள் எழுகின்றன. நார்வே நாட்டின் கடலோரம் இதற்குச் சிறந்த சான்று. டிரோன்ஹெய்ம் நகர ஆயராக இருந்த குன்னெரஸ் 1768-லேயே இப்பவளத்தைப் பற்றி எழுதி வைத்தார். ஆயினும் திட்டுகளின் உண்மையான பரப்பு, ஒலி அலைக் கருவிகளும் நீருக்கடியில் இயங்கும் கேமராக்களும் வந்த பின்னரே தெரியவந்தது. 2002-ல் லோபோடன் தீவுகளுக்கு மேற்கே கண்டறியப்பட்ட ரோஸ்ட் திட்டு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

இத்திட்டுகளைக் கட்டுவது லோபீலியா என்னும் பவளம். வெப்பக் கடல் பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து உணவு ஆக்கித் தருகிறது. லோபீலியாவுக்கு அந்த வசதி இல்லை. நீரோட்டம் கொண்டுவரும் சிற்றுயிர்களைப் பிடித்தே அது பிழைக்க வேண்டும். ஆண்டுக்கு 4 முதல் 25 மில்லிமீட்டர் வரையே வளரும். உயிருள்ள பகுதி திட்டின் வெளிப்புறத்தில் ஒரு போர்வைபோல மட்டும் இருக்கும். அதன் கீழே இருப்பதெல்லாம் மடிந்த கிளைகள் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கூடு. நார்வேத் திட்டுகளுள் சில 8,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை.

மெல்லுடலிகளின் குடியிருப்பு பெரும்பாலும் இந்தச் செத்த பகுதியிலேயே அமைந்துள்ளது. உயிருள்ள பவளத்தின் மேல் பிற உயிர் ஒட்டுவது எளிதன்று; கொட்டும் உணர்கொம்புகள் அதைத் தடுக்கும். செத்த கிளைகளோ ஒட்டிக்கொள்ளத் திண்ணிய தளமும், ஒளிந்துகொள்ளப் பொந்தும், உணவு சுமந்து வரும் நீரோட்டமும் ஒருங்கே அளிக்கின்றன. இவற்றில் வாழும் அசெஸ்டா என்னும் பெருஞ்சிப்பி உள்ளங்கையைவிடப் பெரிதாக வளரக்கூடியது. நூலிழைக் கற்றையால் கிளையில் தன்னைக் கட்டிக்கொண்டு, நீரை வடிகட்டி உண்ணும். கண்ணாடிபோல் மெல்லிய ஓடுடைய விசிறிச் சிப்பியும், இடுக்குகளில் பதுங்கும் சிறு சிப்பிகளும் அதற்கு அண்டை வீட்டார். பாரோ தீவுகளருகே எடுக்கப்பட்ட 25 லோபீலியாத் துண்டுகளை ஆராய்ந்து 1992-ல் வெளியான ஆய்வு, தனித்து வாழும் உயிரினங்களில் மட்டும் 256 வகைகளைக் கணக்கிட்டது. பவளத்தின் உயிருள்ள துண்டுகளைவிடச் செத்த துண்டுகளிலேயே வகைப்பெருக்கம் மிகுந்திருந்தது.

இக்குடியிருப்பில் அமைதி நிலவுகிறது என்று எண்ணவேண்டாம். ஹிரோக்கின் என்னும் அரக்கியின் பெயர் சூட்டப்பட்ட ஒரு செல் உயிரி, அசெஸ்டாவின் ஓட்டைத் துளைத்து உள்ளிருக்கும் சதையை உண்கிறது. சிப்பியோ துளை விழும் இடத்தில் உட்புறமாகப் புதிய சுண்ணம் பூசி அடைக்கப் பார்க்கிறது. முந்நூறு மீட்டர் ஆழத்து இருளில் இந்தப் பூச்சு வேலை ஓயாமல் நடக்கிறது.

பொருளியல் நோக்கில், உயிருள்ள பவளத்தை ஆண்டு வருமானம் என்றும் செத்த கூட்டைச் சேர்ந்த முதல் என்றும் கொள்ளலாம். வருமானம் கண்ணுக்கு அழகாகத் தெரியும். முதல் பழுப்பேறிய குப்பைபோலத் தோன்றும். மீன்வளத்துறைக் கணக்குகளில் பிடித்த மீனின் எடை பதிவாகும். உடைந்த கூட்டுக்குப் பத்தியே கிடையாது. மாணவர்களும் அலுவலர்களும் இந்தக் குறையைக் கவனிக்க வேண்டும்.

நார்வே மீனவர்கள் பவளத்திட்டின் அருகே ஆயிரங்கால் தூண்டிலும் செவுள் வலையும் இட்டு நெடுங்காலமாகப் பயன் பெற்றவர்கள். 1980-களின் நடுவில் பாறைத் தரையிலும் உருண்டு செல்லவல்ல கனத்த இழுவலைகள் வந்தன. திட்டுகள் நொறுங்குகின்றன, மீன் குறைகிறது என்று தூண்டில் மீனவர்களே முறையிட்டனர். நார்வேயின் பவளப்பரப்பில் 30 முதல் 50 விழுக்காடு வரை சேதமுற்றோ பாதிப்புற்றோ இருக்கலாம் என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் 2002-ல் மதிப்பிட்டனர். ஒரு மணி நேர இழுவையில் சிதைவதை மீண்டும் கட்டப் பல நூறு ஆண்டுகள் போதா.

அரசு விரைந்து செயற்பட்டது. 1999-ல் சூலா திட்டில் இழுவலை தடை செய்யப்பட்டது. பவளத்தை வேண்டுமென்றே அழிப்பது மட்டுமன்றி, கவனக்குறைவால் சேதப்படுத்துவதும் குற்றமாயிற்று. ரோஸ்ட் திட்டு கண்டறியப்பட்ட மறு ஆண்டே, 2003-ல், அங்கும் இழுவலைக்குத் தடை வந்தது. எத்தனை வகைச் சிப்பி உண்டு என்ற பட்டியல் முடியும்வரை காத்திருக்கவில்லை என்பதே இம்முடிவுகளின் சிறப்பு.

தடையால் தீராத இடர் ஒன்று உண்டு. கரியமில வாயுவைக் குளிர்நீர் மிகுதியாக உட்கொள்ளும். அதனால் நீரின் அமிலத்தன்மை கூடும். அறிந்த குளிர்கடல் பவளத்திட்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் சுண்ணக் கூட்டை அரிக்கும் நீரில் மூழ்கக்கூடும் என 2006-ல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. உயிருள்ள கிளைக்குச் சதைப் போர்வை உண்டு. வெறுங்கூட்டுக்கு அந்தக் காப்பு இல்லை; ஆகவே அரிப்பு முதலில் தாக்குவது சிப்பிகள் வாழும் தளத்தையே.

சட்டங்களும் இந்த வேறுபாட்டை இன்னும் முழுமையாக உணரவில்லை. நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட ஆழ்கடலுக்கென வடகிழக்கு அட்லாண்டிக் மீன்பிடி ஆணையம் 2014-ல் வகுத்த விதியின்படி, ஒரே இழுவையில் 30 கிலோவுக்கு மேல் பவளம் வலையில் ஏறினால் கப்பல் நிறுத்திக்கொண்டு இடம் மாற வேண்டும். அந்த 30 கிலோவும் உயிருள்ள பவளமாக இருக்க வேண்டும். செத்த கூடு எத்தனை கிலோ ஏறினாலும் அந்த அளவில் சேராது.