மழைச் சத்தமும் மனசும்

(தோட்டங்களிலிருந்து வந்து கொழும்பில் தொழில் செய்பவர்களுக்காகக் கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபெற்ற ஒன்றுகூடலில் உளவளத்துணையாளர் ஒருவர் ஆற்றிய உரை. ஊரில் உள்ள வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசை கண்டு வந்தவர்களும், பொன்னம்பலவாணேஸ்வரரைக் கும்பிட்டு வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். கிடைக்கிறதே ஒரு நாள் லீவு. அதனால நீட்டாமல் பேசுறேன்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி என்னிடம் வந்தாள். சொந்த ஊர் கொஸ்லாந்தைப் பக்கம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் குடும்பம் தப்பிவிட்டது. ஆனால் அவள் சொன்னாள்: “அக்கா, இங்க மலையே இல்ல, கடல்தான் இருக்கு. மண்ணு சரியாதுன்னு எனக்கே தெரியும். ஆனா ராத்திரி மழை தகரத்துல விழுந்தா எந்திரிச்சு உக்காந்துருவேன். உடுப்பெல்லாம் பேக்குல போட்டு மடியில வச்சுக்குவேன்.” வீட்டுக்கார அம்மா ஒருநாள் அந்த பேக்கைப் பார்த்துவிட்டு, புள்ள சொல்லாம ஓடப்போகுது என்று நினைத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். பிறகுதான் அழுதாள்.

இது பைத்தியம் இல்லை. பேய் பிடிக்கவும் இல்லை. புத்திக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சத்தம் கேட்டதும் உடம்பு பழைய இடத்துக்கு ஓடிவிடுகிறது. அந்த ஓட்டத்தைக் கண்டுபிடித்து, இந்த இடத்துக்கு, இந்த நேரத்துக்குத் திரும்ப வருகிற பழக்கத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

இப்போது உலகமெல்லாம் இதை ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்கிறார்கள். பாளி மொழியில் ‘ஸதி’. (நம்ம ஊர் சதி இல்லீங்க.) இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்த ரைஸ் டேவிட்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1881இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில்தான் ‘ஸதி’க்கு அந்த ஆங்கிலச் சொல்லைப் போட்டார். பிறகு 1979இல் அமெரிக்காவில் ஜோன் கபாட்-சின் என்பவர் இதைத் தீராத நோவுள்ள நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சியாகச் சொல்லிக்கொடுத்தார். 2000இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், மூன்று தடவை அல்லது அதற்கு மேல் மனச்சோர்வு நோய் வந்து குணமானவர்களைப் பார்த்தார்கள். இந்தப் பயிற்சி செய்யாதவர்களில் 100க்கு 66 பேருக்கு நோய் திரும்ப வந்தது. செய்தவர்களில் 37 பேருக்கு வந்தது. இரண்டு தடவை மட்டும் நோய் வந்தவர்களுக்குப் பயன் தெரியவில்லை. ஆகவே எல்லாருக்கும் எல்லாத்துக்கும் இது மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம்ம ஆளுகள் செய்ததையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், யுத்த காலத்தில் பயமும் தூக்கமின்மையும் கொண்டு வந்தவர்களுக்கு அவரவர் வழக்கத்திலேயே மனசை நிறுத்தப் பழக்கினார். இந்துக்களுக்கு ஓங்காரம், கத்தோலிக்கருக்கு இயேசுவின் பேர் சொல்லும் செபம், முஸ்லிம்களுக்குத் திக்ரு. மதம் மாறச் சொல்கிற வேலை இது இல்லை என்பதை இதிலேயே பார்க்கலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்குக் கரையோரத்து முகாமொன்றில் 31 பிள்ளைகளுக்கு உள்ளூரில் பயிற்சி பெற்றவர்களே உதவி செய்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஆறு தடவை தியானமும் தளர்வுப் பயிற்சியும். மற்றப் பிள்ளைகளை நடந்ததையெல்லாம் முறையாகச் சொல்ல வைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பகுதியில் 100க்கு 71, மற்றதில் 81 என்ற அளவில் குணமாகியிருந்தார்கள். ஒன்றுமே செய்யாத பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தானாக ஆறியது எவ்வளவு என்று சொல்ல முடியாது. இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரி இல்லாத இடத்திலும் செய்யலாம் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னது சின்ன வேலை. மழை வந்தால் எழும்பி உட்கார். கண்ணை மூடாதே. பாதம் தரையில் படுவதைப் பார். பிறகு பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கூப்பிடு: இது மழைச் சத்தம். இது நெஞ்சு அடிக்கிறது. இது பயம். அது கடல். அது கடைசி ரயில். மனசு மீரியபெத்தைக்கு ஓடினால் திட்டாதே. ஓடிருச்சுன்னு தெரிஞ்சுதே, அந்த நொடிதான் பயிற்சி. திரும்பப் பாதத்துக்கு வா.

உடனே நிற்கவில்லை. முதல் இரண்டு வாரம் “ஒண்ணும் பிரயோசனம் இல்லக்கா” என்றாள். மூன்றாவது மாதம், எழும்புறேன் ஆனா பேக்கைக் கட்டுறதில்ல என்றாள். இன்றைக்கும் பெரிய மழைக்கு எழும்பத்தான் செய்கிறாள்.

இன்னொன்று. சம்பளம் போதவில்லை, லயத்துக் கூரை ஒழுகுகிறது என்கிற கவலைக்கு மூச்சுப் பயிற்சி பதில் இல்லை. அதற்குப் பதில் சம்பளமும் கூரையும்தான். கேட்க வேண்டியதைச் சங்கத்தில் கேளுங்கள். ராத்திரி தூங்கிவிட்டுப் போய்க் கேட்டால் இன்னும் தெளிவாகக் கேட்கலாம்.

சிலருக்குச் சும்மா உட்கார்ந்தால் பழைய காட்சிகள் கூடிக்கொண்டு வரும். அப்படியானால் நிறுத்திவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம். காதில் குரல் கேட்கிறவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம். டொக்டர் கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தக் கூடாது. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நேரமே 1926க்குப் பேசுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம். பக்கத்தில் யாருக்காவது வந்தால், கிருமிநாசினிப் போத்தலை முதலில் எடுத்து அப்புறப்படுத்துங்கள். 1995 அளவில் இந்த நாட்டுத் தற்கொலை வீதம் உலகத்திலேயே மிகக் கூடியவற்றில் ஒன்று. அது குறைந்ததற்குக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தது முக்கிய காரணம், தியானம் இல்லை.

சரி. இப்ப செருப்பைக் கழட்டுங்க. பெரியம்மா, நீங்க கதிரையிலேயே இருங்க. பாதம் ரெண்டையும் தரையில வைங்க. வெளியில பஸ் ஹோர்ன் அடிக்கும், அடிக்கட்டும். ரெண்டு நிமிஷம் பாதத்தை மட்டும் பாருங்க. நான் சொல்ற வரைக்கும் பேச வேணாம்.