ஒரு கண் தப்பினால்

(வானொலி இலக்கிய உரைத் தொடரிலிருந்து)



பொறுமைக்கு உதாரணம் கேட்டால் நம்மவர்கள் உடனே கொக்கைக் கூப்பிடுவார்கள். காலமறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் கொக்கை நிறுத்தி வைத்தார். அன்றிலிருந்து அந்தப் பறவைக்குத் தமிழில் நிரந்தர உத்தியோகம். ஆனால் கொக்கின் பொறுமை காத்திருக்கும் பொறுமை. மீன் வரும்வரை நிற்கும், வந்ததும் கொத்தும், அத்தோடு காரியம் முடிந்தது. தன் கைவேலையில் எங்கோ ஒரு பிழை விழுந்துவிட்டது என்று அறிந்து, அதைத் தேடிப் பின்னோக்கிப் போகிற பொறுமை ஒன்று உண்டு. அது கொக்கிடம் இல்லை. அதே கரையில், அதே மீனை நம்பி, நிழலில் உட்கார்ந்து வலை முடிகிறாரே, அவரிடம் இருக்கிறது. இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

பின்னல் என்றதும் கம்பளி நூல் உருண்டையும் இரண்டு நீண்ட ஊசிகளும் சிலருக்கு நினைவில் வரலாம். நுவரெலியாக் குளிருக்கு அது பொருந்தும். சிலாபம் தொடங்கி உடப்பு, மாம்புரி, கண்டக்குழி என்று கற்பிட்டி வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையிலே கம்பளிக்கு என்ன வேலை? இங்கே பின்னல் என்றால் வலைதான். ஊசியும் ஒன்றுதான். அதன் வயிற்றில் நூலைச் சுற்றி வைத்துக்கொண்டு, கண்ணின் அளவைக் காக்க ஒரு சிறு பலகைத் துண்டையும் பிடித்துக்கொண்டு, முடிச்சு முடிச்சாக நகரவேண்டும்.

இந்த இரண்டு பின்னல்களுக்கும் இடையில் கவனிக்கத்தக்க ஒரு வேறுபாடு உண்டு. கம்பளிப் பின்னலில் ஒரு கண் ஊசியிலிருந்து நழுவினால் அது ஏணிப்படி போலக் கீழே கீழே கழன்று இறங்கும். பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வலையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனி முடிச்சால் நிற்கிறது. ஒன்று பிழைத்தாலும் பக்கத்துக் கண் அசையாது. நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. பரவாத பிழை வாய் திறப்பதுமில்லை. பல வரிசை தாண்டிய பிறகு வலை ஒரு பக்கமாகச் சாயும்போதுதான் தெரியவரும். அப்போது கண்களை எண்ணிக்கொண்டே பின்னால் போகவேண்டும். இடத்தைக் கண்டுபிடித்தபின் அவிழ்ப்பதும் இலேசல்ல. கம்பளியை ஒரே இழுப்பில் பிரித்துவிடலாம். வலையை முடிச்சு முடிச்சாகத்தான் பிரிக்கவேண்டும்.

முடிச்சிலும் நுட்பம் இருக்கிறது. வலைக்குப் போடும் முடிச்சும், நெசவாளர் தறியில் அறுந்த இழையைச் சேர்க்கப் போடும் முடிச்சும் அமைப்பில் ஒன்றே. கடல்சார் நிலத்துக்கு நெய்தல் என்று பெயர் வந்தது பூவினால்தான். இருந்தாலும் நெய்கிற தொழிலின் முடிச்சு அந்த நிலத்துத் தொழிலிலும் இருப்பதை எண்ணும்போது, சொல் நம்மைப் பார்த்துச் சிரிப்பதுபோல் எனக்குப் படுகிறது. இந்த முடிச்சைச் சரியான இடத்தில் இறுக்கவேண்டும். கொஞ்சம் கீழே இறங்கி இறுகிவிட்டால் பார்வைக்கு முடிச்சுப் போலவே இருக்கும். பாரம் விழுந்ததும் வழுக்கி ஓடும். ஒரு கண் பெருக்கும், அடுத்த கண் சிறுக்கும்.

இனி, பிழையே முறையாக மாறிய கதை. பழகுகிறவர் கைதவறி இரண்டு கண்களை ஒரே முடிச்சில் சேர்த்துவிட்டால் அந்த வரிசையில் ஒரு கண் குறையும், வலை ஒடுங்கும். தெரியாமல் ஒரு கண்ணைக் கூடுதலாகப் போட்டால் வலை விரியும். சமமாக இருக்கவேண்டிய வலையில் இரண்டுமே குற்றம். ஆனால் களப்பில் வீசுகிற வீச்சுவலையைப் பாருங்கள். உச்சியில் சிறு வட்டமாகத் தொடங்கி அடியில் குடைபோல விரிவது, கணக்காகக் கண் கூட்டிக்கொண்டே போவதால்தான். ஒடுங்கிச் செல்லும் மடி வேண்டுமானால் கணக்காகக் கண் குறைப்பார்கள். எங்கே, எத்தனை வரிசைக்கு ஒருமுறை என்று தெரிந்து செய்தால் அதே காரியம் தொழில். முதன்முதலில் கண் குறைத்தவர் கைதவறித்தான் குறைத்திருப்பார் என்பது என் ஊகம்.

இலக்கியத் தொடரில் வலைக் கதையா என்று கேட்கிற நேயர்களுக்கு நன்னூலை நினைவூட்டலாம். பவணந்தி முனிவர் நூல் என்ற சொல்லுக்கு விளக்கம் தருகையில் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் வைத்தார். நூலுக்குரிய குற்றம் பத்து என்று எண்ணியும் வைத்தார். குற்றம் நேர்ந்தபின் என்ன செய்வது என்பதை அறிய நான் பண்டிதரைவிட வலைக்காரரையே பார்க்கச் சொல்வேன். சுறா கிழித்த வலை சங்க நெய்தற் பாடல்களிலேயே வருகிறது. அன்றைக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைப் பொத்தியிருப்பார்.

கிழிந்த வலையைப் பொத்துவது எப்படி? புதியவர் கை முதலில் செய்வது, ஓட்டையின் இரு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்துக் கட்டிவிடுவது. ஓட்டை மறைந்துவிடும். ஆனால் அந்த இடம் சுருங்கி, சுற்றியுள்ள கண்களெல்லாம் கோணலாகி இழுபடும். கோணிய கண்ணில் மீன் செவுளால் மாட்டாது. பாரம் முழுவதும் அந்தச் சுருக்கத்தில் விழுந்து, அடுத்த முறை அதன் அருகிலேயே வலை கிழியும். கைதேர்ந்தவர் வேறுவிதமாகத் தொடங்குகிறார். கத்தியை எடுத்து ஓட்டையைப் பெரிதாக்குகிறார்! வலையின் உள்ளே ஒவ்வொரு முடிச்சிலும் நான்கு இழைகள் சந்திக்கும். ஓட்டையின் ஓரத்திலோ அறுந்தும் அறாமலும் பலவிதமாகத் தொங்கும். அவற்றையெல்லாம் நறுக்கி, ஓரத்து முடிச்சுகளில் இரண்டிரண்டு இழை மட்டும் நிற்கும்படி செய்கிறார். தொடங்கப்போகும் முடிச்சிலும் கடைசியாக முடிக்கப்போகும் முடிச்சிலும் மட்டும் மூன்று இழை விடுகிறார். இப்படி நறுக்கினால் ஒரே நூல் ஓட்டையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வரிசை வரிசையாக ஓடி, எல்லா முடிச்சையும் நான்கு இழையாக்கி, மறுமுனையில் மிச்சமில்லாமல் முடியும். நறுக்குவதில் ஒன்று பிசகினால் கடைசியில் ஓர் இழை அநாதையாக நிற்கும். அப்போது மறுபடி அவிழ்க்கவேண்டியதுதான். நல்ல இழையையும் சேர்த்து வெட்டும் அந்தத் துணிவு வருவதற்குத்தான் காலம் எடுக்கும். விரல் பழக்கம் அதற்கு முன்பே வந்துவிடும்.

பழைய காலத்தைப் போற்றிப் பாட நான் வரவில்லை. சணலிலும் பருத்தியிலும் வலை முடிந்த நாட்களில், அது உக்காமல் இருக்க மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, உலர்த்தி, ஓயாமல் பராமரிக்கவேண்டியிருந்தது. களப்போரக் கண்டல் மரத்தின் பட்டையும் இதற்கு உதவியது. நைலோன் வந்ததும் அந்த உழைப்பு ஒழிந்தது. யாரும் அதற்காக அழவில்லை. பிறகு தொழிற்சாலை வலையும் வந்தது. இதே மாவட்டத்து லுணுவிலவில் வலைத் தொழிற்சாலை இருக்கிறது. முழு வலையையும் கையால் முடிகிற தேவை குறைந்தது. ஆனால் தொழிற்சாலை வலையும் கிழியும். பொத்துகிற கை இருந்தால்தான் தொழில் நடக்கும்.

அந்தக் கையின் பெறுமதியை இந்தக் கரை ஒருமுறை கண்ணால் கண்டது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியாகவே கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். கடற்றொழிலை நம்பியிருந்தவர்கள் வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டு வந்தவர்கள். ஓலைக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கியபோது தொழில் தெரிந்த கை ஒன்றே மிச்சம். சொந்த வலை இருந்தவர்கள் பிறர் தொழிலில் கூலியாட்களானார்கள். வந்த இடத்து மக்களுக்கும் அதே களப்பு, அதே மீன் என்பதால் எல்லாம் சுமுகமாக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது.

இப்போது அந்தக் கைக்கு வந்திருக்கிற சோதனை தங்கூசி வலை. ஒற்றை இழை, மெல்லியது, மலிவானது, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. வழவழப்பும் விறைப்பும் சேர்ந்து முடிச்சு எளிதில் நிற்காது. பொத்துவதைவிடப் புதிது வாங்குவது இலாபம் என்று கணக்குப் பார்த்து எறிந்துவிடுகிறார்கள். இலங்கையில் இது 2006ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. தடைக்குப் பின்னரும் பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் படித்துக்கொண்டுதான் வந்திருக்கிறோம். கடலில் எறிந்த வலை உக்குவதில்லை, ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். ஆமையும் கடற்பசுவும் அதில் சிக்கலாம். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப்பாறைத் தொகுதியை 1992இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்தார்கள். மிதந்து வரும் வலைக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது. பொத்த முடியாத வலையை வைத்துக்கொண்டு ஒரு பையனுக்கு எதைப் பழக்குவது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் பல கரையேறியிருக்கும். அந்த நாட்களில் கற்பிட்டிப் பக்கம் போகிற நேயர்கள், கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு யாராவது வேலை செய்வதைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். ஊசியைப் பார்க்கவேண்டாம், அது வேகமாக ஓடும். ஊசியை எடுப்பதற்கு முன் கத்தி எந்த இழையில் போய் நிற்கிறது என்று பாருங்கள்.