வாவி சூழ்ந்த மட்டக்களப்பு

பாண்டிருப்பிலிருந்து வடக்கே, முஸ்லிம்களின் கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையைக் கடந்து செல்லும் பெருந்தெரு மட்டக்களப்பை அடைகிறது. வாவி சூழ்ந்த புளியந்தீவே அந்நகரின் நடுவிடம். அங்கே 1628 இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை, பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் கைப்பற்றினர்.

கோட்டை கைமாறிற்று, மொழி போகவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் மிகுந்த இந்நகரில், பறங்கியர் சிலரது இல்லங்களில் போர்த்துக்கேயக் கலப்புமொழி இன்றும் ஒலிக்கிறது. மணவீடுகளில் வயலின் இசைக்குக் கபிரிஞ்ஞா ஆடுகின்றனர்.

நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியிற் செல்வோர், துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறுநுனியைக் காதிலும் வைத்துப் பாடும் மீனுக்குச் செவிசாய்ப்பர். பாடுவது மீனா, சிப்பியா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை! கரையில் ஒலிக்கும் அப்பழைய மொழிக்குச் செவிசாய்ப்போர் சிலரே. பறங்கிய இளைஞர் பலர் இப்போது வீட்டிலும் தமிழே பேசுகின்றனர்.