செல்லக் கிடாயும் சிறுநீர் அடைப்பும்

(ஆடு வளர்ப்போர் பயிற்சி நாளில் ஆற்றிய உரை)



பயிர்ப் பாடம் நடத்தும் உழவியல் விரிவுரையாளன் ஆட்டு நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் எண்ணலாம். நியாயமான எண்ணந்தான். மருந்து சொல்ல நான் வரவில்லை. அது கால்நடை மருத்துவரின் வேலை. ஆனால் கிடாய்களுக்கு வரும் சிறுநீர் அடைப்பு பெரும்பாலும் தீவனத் தொட்டியில்தான் தொடங்குகிறது. தீவனம் எங்கள் பாடம். அதோடு, என் பேச்சைக் கேட்டதால் ஒரு கிடாய் செத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காள் வீட்டில் தாயை இழந்த வெள்ளாட்டுக் குட்டி ஒன்றை அவள் மகன் புட்டிப் பால் கொடுத்து வளர்த்தான். இரண்டாம் மாதத்திலேயே காயடித்துவிட்டார்கள். மேய்ச்சலுக்கு அனுப்ப மனம் வராமல் திண்ணைத் தூணில் கட்டி, அகத்தியும் வேலியோரத் தழையும் ஒடித்துப் போட்டு வந்தார்கள். 2021ஆம் ஆண்டு ஆடி மாதம் அங்கே போயிருந்த நான், "தழையில் என்ன அக்கா இருக்கிறது? அரிசி ஆலையில் தவிடு கிடைக்கிறதே. அதோடு கொஞ்சம் மக்காச்சோளக் குருணையும் வை, சீக்கிரம் எடை ஏறும்" என்றேன். படித்த தம்பி சொன்னால் அக்காள் தட்டமாட்டாள். கிடாயும் பளபளவென்று கொழுத்தது.

மார்கழியில் ஒரு காலை அது தீனியைத் தொடவில்லை. கால்களை அகட்டி நின்று முக்கிற்று. வாலைப் படபடவென்று ஆட்டிற்று. புழுக்கை இறுகிவிட்டது என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டினார்கள். அன்று முழுவதும் கத்தியது. மறுநாள் காலையில் கத்தல் நின்று அமைதியாகப் படுத்தது. "இன்றைக்குத் தேவலை" என்று அக்காள் தொலைபேசியில் சொன்னாள். நானும் நிம்மதி அடைந்தேன். மாலைக்குள் அடிவயிறு பானைபோல் இறங்கியது. மூன்றாம் நாள் விடியுமுன் இறந்துவிட்டது. பிறகு விசாரித்தபோது கால்நடை மருத்துவர் ஒருவர் சொன்னார்: "அமைதியானதே, அப்போதுதான் சிறுநீர்ப்பை உடைந்திருக்கும்."

இப்படி ஏன் நேருகிறது? பெட்டை ஆட்டின் சிறுநீர்க் குழாய் குட்டையானது, அகலமானது. சிறு கல் இருந்தாலும் வெளியே வந்துவிடும். கிடாயின் குழாயோ நீளமானது, குறுகலானது. நடுவில் பாம்பு வளைந்ததுபோல் இரு வளைவு உண்டு. நுனியில் புழுப்போன்ற மெல்லிய வால் ஒன்றும் உண்டு. மணல் பருக்கை சிக்க அந்த வளைவும் நுனிவாலும் போதும். மிக இளம் வயதில் காயடித்தால் குழாய் முழு வளர்ச்சி பெறாமல் இன்னும் குறுகலாகவே நின்றுவிடக்கூடும். செம்மறிக் கிடாய்க்கும் இது பொருந்தும்.

அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் பாடத்துக்குள் வரும் பகுதி. வயலில் உரமாக நாம் இடும் மணிச்சத்து இருக்கிறதே, அதுவே தவிட்டிலும் தானியத்திலும் இருக்கிறது. ஒரு கிலோ அரிசித் தவிட்டில் சுமார் 15 கிராம் மணிச்சத்து உண்டு. சுண்ணாம்புச் சத்தோ ஒரு கிராம் அளவுதான். மக்காச்சோளத்திலும் சுண்ணாம்புச் சத்து மணிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஆட்டின் உடம்புக்கு இந்த விகிதம் தலைகீழாக இருக்க வேண்டும்: சுண்ணாம்பு இரண்டு பங்கு, மணிச்சத்து ஒரு பங்கு.

ஆடு தழையும் புல்லும் தின்னும்போது நெடுநேரம் அசைபோடுகிறது. உமிழ்நீர் நிறையச் சுரக்கிறது. உபரி மணிச்சத்து அந்த உமிழ்நீரோடு குடலுக்குப் போய்ப் புழுக்கையில் வெளியேறுகிறது. நார்த் தீவனம் குறைந்து தவிடு மிகுந்தால் அசைபோடும் நேரமும் உமிழ்நீரும் குறைகின்றன. மணிச்சத்து சிறுநீர் வழியே வெளியேறத் தொடங்குகிறது. அங்கே மக்னீசியத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து படிகமாகிறது. குளிர் நாளில் தண்ணீரும் குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகிப் படிகம் விரைவில் திரளும். காட்டில் மேய்ந்து திரியும் கிடாய்க்கு அரிதாகவும், தூணில் கட்டிச் செல்லமாக ஊட்டும் கிடாய்க்கு அடிக்கடியும் இந்நோய் வருவது இதனால்தான்.

இனி அடையாளம். இதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். ஆட்டைக் காப்பாற்றுவதும் இழப்பதும் இங்கேதான். கிடாய் முக்கினால் உடனே மலச்சிக்கல் என்று முடிவு கட்டாதீர்கள். காய்ந்த சாக்கின் மேலோ துடைத்த சிமெண்டுத் தரையிலோ நிறுத்தி, பக்கத்தில் இருந்து பாருங்கள். படுத்திருக்கும் ஆட்டை எழுப்பினால் சாதாரணமாகச் சிறிது நேரத்தில் சிறுநீர் கழிக்கும். தாரையாக விழுந்தால் கவலை இல்லை. முக்கி முக்கி ஒன்றுமே வராவிட்டாலும், சொட்டுச் சொட்டாக வந்தாலும், இரத்தம் கலந்து வந்தாலும் அது அடைப்பின் அறிகுறி. "சொட்டுகிறதே" என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். பாதி அடைப்பு சில மணி நேரத்தில் முழு அடைப்பாகலாம். தரை காய்ந்தே இருக்க, பக்கத்தில் புழுக்கை கிடந்தால், நோய் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

குறி உறையின் நுனியில் இருக்கும் மயிரை இரு விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். மணல்போல் நெருடினால் உள்ளே படிகம் இருக்கிறது என்று பொருள். நோய் வருமுன்பே வாரம் ஒரு முறை இப்படிப் பார்த்துவரலாம். செலவில்லாத சோதனை இது. பல்லை நறநறவென்று கடித்தல், பின்னங்காலால் வயிற்றை உதைத்தல், மந்தையை விட்டு ஒதுங்கி நிற்றல் ஆகியவையும் வலியைக் காட்டும். வயிறு உப்புசத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உப்புசத்தில் இடப்பக்க விலாப்பள்ளம் மேலெழும்பித் தட்டினால் மத்தளம்போல் ஒலிக்கும். அடைப்பில் முதல் நாள் அப்படி ஏதும் இராது. பை உடைந்த பிறகே அடிவயிறு இருபுறமும் கீழ்நோக்கித் தொங்கும்; சிறுநீர்க் குழாய் உடைந்தால் அடிவயிற்றுத் தோலின் கீழ் வீங்கும். கத்திக்கொண்டிருந்த கிடாய் திடீரென்று ஓய்ந்தால் மகிழாதீர்கள்.

ஐயம் எழுந்தவுடன் தவிட்டையும் தானியத்தையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் எட்டும் இடத்தில் இருக்கட்டும். கட்டாயப்படுத்திப் புகட்ட வேண்டாம். வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சிமுள் கஷாயமும் கல்லைக் கரைக்கும் என்பது நம் வீடுகளில் பழகிப்போன நம்பிக்கை. முழுதும் அடைத்த கிடாய்க்குச் சிறுநீரைப் பெருக்கும் எதைக் கொடுத்தாலும், வாய்க்கட்டிய பையில் மேலும் நீர் ஊற்றுவது போலாகும்; பை விரைவில் உடையும். வயிற்றை அமுக்குவதும் கூடாது. சிலர் நவச்சாரம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அமோனியம் குளோரைடு எனப்படும் அந்தப் பொருளை மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள், உண்மைதான். ஆனால் எடை பார்த்து, அளவறிந்து, காலம் குறித்துக் கொடுப்பது அது. மருந்துக் கடையில் வாங்கி நாமே புகட்டுவதற்கல்ல.

அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வண்டி வசதி இல்லாவிட்டால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். எப்போது கடைசியாகச் சிறுநீர் கழித்தது, என்ன தீனி எவ்வளவு வைத்தீர்கள், எந்த வயதில் காயடித்தீர்கள், வீட்டில் என்ன புகட்டினீர்கள் என்ற நான்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். கல் நுனிவாலில் சிக்கியிருந்தால் அதை நறுக்கிவிட்டதும் சிறுநீர் பாயும். சில நிமிட வேலைதான். ஆயினும் உள்ளே வேறு கற்கள் இருந்தால் மறுபடியும் அடைக்கலாம் என்பதால், அதன்பின் பல நாள் கண்காணிக்க வேண்டும். மேலே சிக்கியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படும். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை நாடலாம். முதல் நாளில் போனால்தான் இவையெல்லாம் பயன்படும்.

தீவனத்துக்கு வருகிறேன். ஒரு கிலோ தவிட்டின் மணிச்சத்துக்கு ஈடுகட்ட 30 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சுண்ணாம்புக் கல் தூளாகக் கலந்தால் ஏறத்தாழ 75 கிராம். அத்தனை தூள் கலந்த தவிட்டை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்தால் வாய் வெந்துவிடும். அதைச் செய்யவே வேண்டாம். தவிட்டைக் குறைப்பதுதான் எளிய வழி. வளர்ந்த, காயடித்த, வீட்டோடு நிற்கும் கிடாய்க்கு நல்ல புல்லும் தழையும் கிடைத்தால் அடர்தீவனமே தேவையில்லை. விற்பனைக்காகக் கொழுக்கவைப்பவர்கள் தவிட்டை மட்டும் நம்பாமல், சமன்செய்த கலப்புத் தீவனத்தை அளவோடு கொடுக்கலாம். அதில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ சாதாரண உப்பு சேர்ந்தால் ஆடு தானாகத் தண்ணீர் தேடும். கறவை மாட்டுக்கான தாது உப்புக் கலவையில் பெரும்பாலும் மணிச்சத்தும் சேர்ந்திருக்கும். கிடாய்க்குப் போடுமுன் பையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

கொழுக்கட்டைப் புல், தீவனச் சோளம் போன்றவை இரண்டு பங்கு, வேலிமசாலோ அகத்தியோ ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. பயறுவகைத் தழையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதற்காகக் குதிரைமசாலை மட்டுமே வயிறு நிறையப் போட்டால் வேறுவகைச் சுண்ணாம்புக் கல் உண்டாகக்கூடும். ஐந்து சென்ட் இடத்தில் வேலிமசாலும், வரப்போரம் அகத்தியும் வைத்தால் இரண்டு மூன்று ஆடுகளுக்கு வேண்டிய தழை வந்துவிடும்.

காயடிப்பதை நான்கைந்து மாதம் வரை தள்ளிப்போட முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை பெட்டைக் குட்டிகளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் தொல்லைதான்.

அக்காள் மகன் இப்போது வேறொரு கிடாய் வளர்க்கிறான். தவிட்டுப் பானை வீட்டை விட்டே போய்விட்டது. மார்கழி, தை மாதங்களில் காலைத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி வைக்கிறான். வாளியை நாள்தோறும் கழுவுகிறான்; பாசி பிடித்த வாளியில் ஆடு வாய் வைக்காது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மயிர் நுனியை உருட்டிப் பார்த்துவிட்டு, நெருடவில்லை என்று எனக்குத் தொலைபேசியில் சொல்கிறான்.