கைராசியும் விதையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பொறியாளனைப் பேசக் கூப்பிட்டால் பாலத்தைப் பற்றியோ கம்ப்யூட்டரைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது விதையைப் பற்றி. வேளச்சேரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சில தொட்டிகள் வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் சொல்வது இதுதான்: "எனக்குக் கைராசி இல்லீங்க, போட்டது ஒண்ணுமே முளைக்கலை." இந்தக் கைராசி என்ற சொல்தான் பல பேரை இரண்டாவது தடவை விதைக்க விடாமல் செய்கிறது.

விதைக்கும் வயது உண்டு. விதையிலுள்ள ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தால் இன்னொரு மடங்கு கூடும். இது விதை அறிவியலில் ஹாரிங்டன் சொன்ன கணக்கு. நம்ம சென்னையில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. திறந்த பாக்கெட்டை அடுப்படி அலமாரியில் ஒரு வருஷம் போட்டுவைத்தால் விதை செத்துப்போவதில் என்ன ஆச்சரியம்? காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

விதைக்கும் முன் பரிசோதனை செய்யுங்கள். 10 விதைகளை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். முள்ளங்கிக்கு நாலு நாள், தக்காளிக்கு ஒரு வாரம், கத்தரி, மிளகாய்க்குப் பத்து நாள் பொறுங்கள். எட்டு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். மூன்றுதான் முளைத்ததா? கூடுதலாகத் தூவுங்கள். ஒன்றுமே முளைக்கவில்லையென்றால் குறை விதையில்; உங்கள் கையில் இல்லை.

அடுத்தது ஆழம். விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவினால் சரி. தக்காளி, கத்தரி, மிளகாய், செண்டுமல்லி இவற்றை நாற்றுவிட்டு நடலாம். அடியில் ஓட்டை போட்ட காகித டீ கப்பே நாற்றங்கால்! வெண்டை, அவரை, முள்ளங்கியை நேரே தொட்டியில் ஊன்றுங்கள். பிடுங்கி நடுவது அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. பாகல் விதையை ஒரு ராத்திரி ஊறவையுங்கள்.

முளைத்த பிறகு தண்டு தரையோடு அழுகிச் சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். திருஷ்டி என்பார்கள். உண்மையில் தேங்கிய தண்ணீரில் வளரும் பூஞ்சணம்தான். தண்ணீரைக் குறையுங்கள், காற்றுப்பட வையுங்கள்.

காலமும் முக்கியம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. ஆடியில் விதைத்த நாற்று வடகிழக்குப் பருவமழைக்குள் வேர்பிடித்துவிடும். செண்டுமல்லி ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூத்து ஆயுதபூஜைக்குக் கைகொடுக்கும். அதைத் தவறவிட்டால் மழை ஓய்ந்து தை மாதம் தொடங்குங்கள்.

மாடியில் ஏன் என்று கேட்கலாம். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான ஊர் எங்களுடையது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தரையெல்லாம் தண்ணீர். தொட்டிச் செடிக்கு மாடிதான் பத்திரம். ஆனால் ஒரு எச்சரிக்கை. நனைந்த மண் ஒரு கன அடி சுமார் 50 கிலோ! நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளும் சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். மண்ணைக் குறைத்து, நன்றாகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் கூட்டுங்கள். தொட்டிகளைச் சுவரோரம் பரப்பி வையுங்கள்.

வயலும் ஏரியுமாக இருந்த வேளச்சேரிக்கு 2007-ல் பறக்கும் ரயில் வந்தது. இன்று அடுக்குமாடிகள். வயலோடு சேர்ந்து ஒரு பழக்கமும் போய்விட்டது. பாட்டிமார்கள் நல்ல காயொன்றை முற்றவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி, அடுத்த ஆடிக்கு எடுத்துவைத்தார்கள். இன்று ஒவ்வொரு முறையும் கடையில் வாங்குகிறோம். வீரிய ஒட்டு ரகமென்றால் எடுத்துவைத்த விதை தாயைப்போல வராது. நாட்டு ரகமாகப் பார்த்து வாங்குங்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. தொடங்க அது நல்லது. பழச்சாற்றோடு விதையை ஒரு நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும்.

நண்பர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது நீங்கள் வளர்த்த செடியிலிருந்து ஒரு சிட்டிகை விதையை, பெயரும் மாதமும் எழுதிய பொட்டலத்தில் கொண்டுவாருங்கள். மாணவர்களுக்குக் கொடுப்போம். கைராசி இல்லை என்கிறவருக்கு முதல் பொட்டலம்!